மிஞ்சிப்போன ஒரு சாக்லேட்

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் மந்தைவெளி வீட்டில் ஒரு விசாரணை கமிஷன் உட்காரும். நீதிபதி நான். சாட்சி, ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் தன்யா.

"ஸ்கூல்ல உன்னை யாராவது கிண்டல் பண்ணாங்களா?"

"இல்ல."

"தள்ளி விட்டாங்களா? பட்டப்பேர் வெச்சாங்களா?"

"இல்லம்மா... பசிக்குது!"

அவ்வளவுதான், கமிஷன் கலைந்துவிடும். நம் குழந்தைக்கு ஒரு பிரச்னையும் இல்லை என்ற நிம்மதியோடு நான் காபி போடப் போய்விடுவேன். நீங்களும் இதைத்தானே செய்கிறீர்கள்?

பத்து நாள் முன்னால் தன்யாவுக்குப் பிறந்தநாள். பள்ளியில் பிறந்தநாள் என்றால் தெரியுமே... யூனிஃபார்முக்கு ஒரு நாள் விடுதலை, கலர் டிரஸ், கையில் சாக்லேட் டப்பா. ஒவ்வொரு பெஞ்சாகப் போய் நீட்ட வேண்டும். தி.நகர் கூட்டத்தில் இடிபட்டு, டீச்சரையும் சேர்த்துத் தலையை எண்ணி, சரியாக வாங்கி வந்திருந்தேன்.

சாயங்காலம் டப்பாவைத் திறந்தால், உள்ளே ஒன்று மிச்சம்.

"இன்னிக்கு யாரு லீவு?"

"யாரும் லீவு இல்லியே. அது பவித்ராவோடது. அவளுக்கு யாரும் குடுக்க மாட்டோம்."

'எனக்குப் பாகற்காய் வேண்டாம்' என்பாளே, அதே குரலில் சொன்னாள்.

"ஏன்? அவ என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல. யாரும் அவளோட பேச மாட்டோம், அவ்ளோதான். அடிக்கல்லாம் மாட்டோம்மா!"

கடைசி வரியை நற்சான்றிதழ் மாதிரி நீட்டினாள். இத்தனை வருஷமாக, என் பெண்ணை யாராவது படுத்துகிறார்களா என்றுதான் கேட்டேனே தவிர, என் பெண் யாரையாவது படுத்துகிறாளா என்று ஒரு நாளாவது கேட்டேனா? அந்தக் கேள்வி என் லிஸ்டிலேயே இல்லை. எல்லா வீட்டிலும் பாதிக்கப்பட்ட குழந்தைதான் இருக்கிறது என்றால், படுத்துகிற குழந்தைகள் எந்த வீட்டிலிருந்து வருகின்றன?

ஆடித் தீர்த்தேன். அரை மணி நேரம் லெக்சர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தன்யா நிதானமாகச் சொன்னாள்:

"நீ மட்டும் என்னவாம்? பவித்ரா அம்மாவை உங்க குரூப்ல சேக்கலையே."

விஷயம் இதுதான். ஆறாம் வகுப்பு அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பவித்ராவின் அம்மா செல்வி அதில் டைப் அடிக்க மாட்டார், வாய்ஸ் மெசேஜ்தான். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை. பின்னணியில் பேரம், ஹார்ன், கடல் காற்று... நடுவில் அவர் குரல்: "மேடம்ங்களா, நாளிக்கு இன்னா டெஸ்ட்டு கீது? புள்ள எய்திகினு வர்ல."

யாரோ ஒருத்தர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருத்தர் போட்டார். ஒரு வாரத்தில் இரண்டாவதாக ஒரு குரூப் முளைத்தது, செல்வியைத் தவிர மற்ற எல்லோரும் அதில். ஆரம்பித்தது நான் இல்லை. ஆனால், 'ஜாலி அம்மாஸ்' என்று பெயர் வைத்தது அடியேன்தான். அந்தக் குரல்களை ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்ததும் இதே ஹாலில்தான். தன்யா பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மிஞ்சிய சாக்லேட்டோடும் மகளோடும் பட்டினப்பாக்கம் போனேன். ஆட்டோவில் போகும்போதே மன்னிப்பு உரையை ஒத்திகை பார்த்தாயிற்று. செல்வி வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"தன்யா பாப்பாவா? வா வா! உன் பர்த்டே சாக்லேட்டக் கூட வாணாம்ட்டாளாமே எங்க பவி? பல்லு வலின்னு சொல்லிச்சு. நானும் அஞ்சு நாளா கிராம்பு வெச்சி உட்டுகினு கீறேன்."

அந்தக் குழந்தை, அம்மா மனசு நோகக் கூடாதென்று, வலிக்காத பல்லில் அஞ்சு நாளாகக் கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பேசாமல் நழுவிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தன்யா முந்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அவளுக்குப் பல்லு வலி இல்ல. நான்தான் குடுக்கல. நாங்க யாருமே குடுக்க மாட்டோம்."

கத்தி நின்றது. செல்வி கையைக் கழுவினார். முந்தானையில் நன்றாகத் துடைத்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற? நாளிக்கு ஸ்கூல்ல அவளாண்ட சொல்லு, போ."

என் பக்கம் திரும்பவேயில்லை. அடுத்த வாடிக்கையாளருக்கு மீன் எடைபோட ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திரும்பி வரும்போது, இரண்டு பேரும் ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை கமிஷன் கூடியது. கேள்வி வேறு.

"பவித்ராகிட்ட பேசினியா?"

"ஸாரி சொன்னேன். சாக்லேட் குடுத்தேன். வாங்கல. பக்கத்துல போய் உக்காந்தேன், தள்ளி உக்காந்துட்டா."

"அப்புறம்?"

"நாளைக்கும் உக்காருவேன்."

பதினோரு வயசு! எனக்கு ரோஷம் வந்தது. அன்றே 'ஜாலி அம்மாஸ்' குரூப்பில் செல்வியின் நம்பரைச் சேர்த்தேன். 'செல்வியை வரவேற்போம்' என்று பூங்கொத்தும் போட்டேன்.

பதில் இல்லை. தினம் நூறு மெசேஜ் கொட்டும் குரூப்பில் மயான அமைதி. இரண்டு நாள் கழித்து செல்வியின் குரல் மட்டும் வந்தது: "இன்னா மேடம், யாருமே பேச மாட்றாங்கோ? நானும் நீயும் மட்டும்தான் கீறமா?"

விசாரித்தேன். புதிதாக ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டார்களாம். அதில் நானும் இல்லை!

'அடிக்கவா செய்தார்கள், திட்டவா செய்தார்கள்' என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சாயங்காலம் மணி நாலு. மொபைலையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூல் பையை இறக்கி வைத்த தன்யா, பசிக்குது என்று சொல்லாமல், எதிரே வந்து உட்கார்ந்தாள். குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா... உன்னை யாராவது சேத்துக்க மாட்டேங்கறாங்களா?"