கடலுக்கென்று புறப்பட்டுக் குகைக்குப் போனோம்

வெயிலில் காய்ந்த பாறை செருப்பில்லாத காலைச் சுட்டது. குகைக்குள் நுழைந்தாலோ வௌவால் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. என் பள்ளி விடுமுறைகள் பெரும்பாலும் இப்படித்தான் பாழாயின. கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த வாப்பாவுக்குப் பழைய குகைகள் என்றால் பைத்தியம். அறுகம்பேயில் கடல் குளிப்பு என்று ஆசை காட்டி எங்களை வாடகை வான் வண்டியில் ஏற்றுவார். வானோ அறுகம்பேயில் நிற்காமலே பாணமையைக் கடந்து, குடும்பிகல குகைகளுக்குப் போகும் காட்டுப் பாதையில் ஓடும். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவம்" என்பது அவருடைய வழக்கமான பொய்.

அப்படி ஒரு முறை, நானும் என்னைவிட மூத்த ராத்தாவும் அழுதுகொண்டே இறங்கினோம். மழைநீர் உள்ளே வடியாதபடி, அந்தக் காலத்துத் துறவிகளுக்காகக் கூரைப் பாறையின் விளிம்பில் வெட்டிய நீண்ட பள்ளத்தையும், அதன் கீழிருந்த எழுத்துகளையும் வாப்பா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். தரை கூட்டிக்கொண்டிருந்த வயதான பிக்குவிடம் அதன் பொருளை அவர் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் கேட்க, பிக்கு ஒன்றும் புரியாமல் விழித்தார். அம்பாறைக் கடைத்தெருவில் வளர்ந்த உம்மா பொறுமையிழந்து, தானே சரளமான சிங்களத்தில் கேட்டுவிட்டு வாப்பாவிடம் திரும்பினார்.

"ஆரோ ஒருத்தன் இந்தக் குகைய பிக்குமார்ட சங்கத்துக்குக் குடுத்தானாம். அவ்வளவுதான். இதுக்காகவா புள்ளைகள வெயில்ல காயப் போட்டீங்க?"

வாப்பா அசரவில்லை. "குடுத்தவன்ட பேரையும் கேளன்" என்றார்.

உம்மா தலையில் அடித்துக்கொண்டு கேட்டார். பேச்சு மழை, யானை, கிணறு என்று வளர்ந்து, பிக்கு எங்களுக்குப் பால் கலக்காத "பிளேன்ரீ" தேநீர் ஊற்றித் தந்து, பிறகு உச்சிப் பாறையிலுள்ள தூபியையும் பார்த்தே தீருவதென்று வாப்பா கிளம்ப, அடிக்கு ஒருதரம் அவரைத் திட்டிக்கொண்டே உம்மாவும் பின்னால் ஏறினார். அறுகம்பேக்கு வந்தபோது பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள். "இந்த நேரத்துல கடல்ல இறங்கப்படாது" என்று உம்மா எங்களையே அதட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கிச் சில வருடங்களாகின்றன. இந்த விடுமுறையில் அந்தக் குகைக்குப் போகவேண்டுமென்று உம்மா ஒரு கிழமையாக நச்சரித்தார். கடல் கடல் என்று குதித்த என் பிள்ளைகளைச் சமாளித்து, வழியெங்கும் முளைத்துவிட்ட விடுதிகளைத் தாண்டி, குண்டும் குழியுமான பாதையில் இடுப்பொடிய வந்து சேர்ந்தால், அவர் வானைவிட்டு இறங்கவே மறுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன உம்மா இது? நீங்கதானே வரணும் வரணுமெண்டு நிண்டீங்க?"

உம்மா பாறையைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஏறலாம் மகள். ஆரோட சண்ட புடிச்சிட்டு ஏற?"