மூண்டு மணிக்கு மிஞ்சின கரி

எழுபதுகளிலை ஒரு யூலை மாசம். மெல்பேர்ணிலை கரி பங்கு பிரிக்கிற கந்தோர் ஒண்டிலை எனக்கு ஒரு கதிரையும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் தந்திருந்தினம். யூலைதான் அங்கை நடுக்குளிர்காலம், அந்த நேரம் பாத்துக் கரிக்குழிப் பக்கம் வேலைநிறுத்தம். பழுப்புக் கரியை நசுக்கிச் செய்யிற பிரிக்கெட் கட்டியாலைதான் எங்கடை பக்கத்திலை கனபேரின்ரை வீடு சூடாகிறது, குளிக்கிற தண்ணி கொதிக்கிறது. அதே கட்டியைத்தான் பவர் ஸ்டேசனும் எரிக்குது. சட்டம் இதுதான்: கைக்குழந்தை, வருத்தக்காரர், வயசாளியள் உள்ள வீட்டுக்காரர் எழுதிக் கேட்டா ரெண்டு மூட்டை. மூண்டு மணிக்குள்ளை ஆரும் கேளாமல் எங்கடை கரி யாட்டிலை மிஞ்சினது முழுக்கப் பவர் ஸ்டேசனுக்கு.

எங்கடை வீட்டிலை இருபது நாள் குழந்தை. நான் எழுதிக் கேக்கேல்லை. கந்தோரிலை ஒரேயொரு கறுத்த ஆள் நான். "பாத்தியே, முதல் மூட்டை தன்ரை வீட்டுக்கு" எண்டு ஆரும் சொல்லிப்போடுவினம் எண்ட பயம். மனுசிக்குப் பயமெண்டு சொல்லேலாதே. நேர்மை எண்டு சொல்லிவைச்சன்.

அண்டைக்குப் பதினொரு மணிக்கு மனுசி பக்கத்து வீட்டிலையிருந்து போன் எடுத்தா.

"இஞ்சேருங்கோ, கடைசிக் கட்டியும் போட்டாச்சு. பிள்ளை குளிரிலை அழுது களைச்சுப்போனான்."

"பின்னேரம் பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது? உங்கடை நேர்மையை எரிப்பமோ?"

டக்கெண்டு வைச்சிட்டா.

அதுக்குப் பிறகு நான் மணிக்கூட்டைத்தான் பாத்தன். பவர் ஸ்டேசன்காரன் மணித்தியாலத்துக்கு ஒருக்கா போன் எடுத்து, "எவ்வளவு மிஞ்சும்? இப்பிடியே போனா பின்னேரம் கரண்டை நிப்பாட்டவேண்டி வரும்" எண்டு உறுமினான். விண்ணப்பப் பேப்பர் என்ரை மேசை லாச்சிக்குள்ளை கட்டாக் கிடந்தது. ரெண்டு தரம் எடுத்து என்ரை பேரை எழுதத் தொடங்கினன். ரெண்டு தரமும் ஆரோ பக்கத்தாலை நடந்துவந்தினம். கசக்கிக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டன்.

ரெண்டரைக்கு நிமிர்ந்தா, கியூவிலை ஆறாவது ஆளா மனுசி! முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாமல் வாசல்படி தாண்டக்கூடாத பிள்ளைப்பெத்தவ, என்ரை பழைய ஓவர்கோட்டுக்குள்ளை பிள்ளையைப் பொத்திக்கொண்டு ட்ராமிலை வந்திருக்கிறா. முன்னாலை நிண்ட கிழவர் வழிவிட்டார். அவ மாட்டன் எண்டு தலையாட்டினா. கியூவிலை நிக்கிறதை நான் பாக்கவேணுமெண்டுதான். ஒவ்வொருத்தரா ரெண்டு ரெண்டு மூட்டை போகுது, நான் ஸ்டாம்ப்பைக் குத்திக்கொண்டிருக்கிறன்.

அவவின்ரை முறை வரேக்கை பத்து நிமிசமும் நாலு மூட்டையும்தான் மிச்சம்.

ஆரோ அந்நியனோடை கதைக்கிற மாதிரி, இங்கிலீசிலை: "சேர், வீட்டிலை கைக்குழந்தை."

"வீட்டிலை எத்தினை பேர்?"

"மூண்டு. அதிலை ஒராள் இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்."

எனக்குப் பின்னாலை நிண்ட மேலதிகாரி அவ நீட்டின பேப்பரை எட்டிப் பாத்தார். "இது உன்ரை விலாசமெல்லே?"

"ஓம் சேர். என்ரை மனுசி."

"முதல் நாளே எழுதியிருக்கலாமே?"

"ஆக்கள் கதைப்பினம் எண்டு..."

"எந்த ஆக்கள்? இஞ்சை ஒருத்தருக்கும் உன்ரை பேரையே சொல்லத் தெரியாது. அதுக்குள்ளை உன்னைப் பற்றிக் கதை வேறையோ? குத்து ஸ்டாம்ப்பை!"

குத்தினன். தலைகீழா விழுந்தது.

மூட்டையளை வீடுவீடா இறக்கிற லொறி அடுத்த நாள்தான் வரும். அதாலை ஒரு மூட்டையைக் கையோடை கொண்டுபோக மேலதிகாரி விட்டார். மூண்டு மணி முடிய நாங்கள் மூண்டுபேரும் ட்ராமிலை ஏறினம். பாதி வழியிலை ட்ராம் நிண்டுபோச்சு. கரண்ட் இல்லை. பெட்டியிலை இருந்த எல்லாரும் திரும்பி என்ரை மடியிலை கிடந்த கரி மூட்டையைப் பாத்தினம். ஒரு மூட்டையாலை ட்ராம் ஓடாதெண்டு எனக்குத் தெரியும். முகம் மட்டும் எரிஞ்சுது.

"இறங்குங்கோ" எண்டா மனுசி.

ஒரு மைல் ஏத்தம். அவ பிள்ளையோடை முன்னாலை, நான் மூட்டையோடை பின்னாலை. அவ ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை.

வீட்டை வந்து அடுப்பை மூட்டினன். புகைஞ்சு அணைஞ்சுது. திரும்ப மூட்டினன், பிடிச்சுது. ஆளுக்கொரு பக்கம் இருந்து பிள்ளையின்ரை காலைத் தொட்டுத் தொட்டுப் பாத்தம். அரை மணித்தியாலம் போனபிறகு, "இப்ப கால் சூடாகிட்டுது" எண்டா.

பிறகு ரெண்டு கிழமைக்கு என்னோடை கதைக்கேல்லை.