நாலாவது கியர்

ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய மிலிட்டரி லாரியை வேதகிரி இருபது வருஷமாக ஓட்டினார். ஆனால் ஒருநாளும் அதை ரோட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பேப்பர் இல்லாத வண்டி என்பதால், உத்திரமேரூர் பக்கத்துக் கல்குவாரிக்குள் கல் ஏற்றுவதோடு சரி. பள்ளத்தில் ஏறி இறங்க முதல் இரண்டு கியரே போதும். உதிரி கிடைக்காத வண்டிக்கு அவரே ரிப்பேர் பார்த்தார். கனத்த கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி நிரந்தரமாக வீங்கிவிட்டது.

போன மாசம் அந்தக் குவாரியில் கல் தீர்ந்தது. முதலாளி ஏகாம்பரம் அவரைக் கூப்பிட்டார்.

"நம்ம புது குவாரிக்கு வண்டிய ஓட்டிக்கினு போயிடு. ஆறு கிலோமீட்டருக்கு இன்னா பயம்?"

"நாலாவது கியரு விழுமோ இன்னாவோ, மொதலாளி. நான் போட்டதே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரை ரோட்டில், தயங்கித் தயங்கி அந்தக் கியரைப் போட்டார். முனகிக்கொண்டே விழுந்தது. வண்டி சீராக ஓடியது. கிளட்சை மிதிக்கும் வேலையே இல்லை. இடது காலை மெல்ல நீட்டி வைத்துக்கொண்டார். வலி அடங்கி, கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்தது. ரோடு இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது.

புது குவாரியின் சரிவு வந்ததும் முதல் கியருக்கு இறக்கினார். அன்றே பதினொரு நடை கல் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார்.