லாபம் என்று தொடங்கிய எண்ணிக்கை

வாய்க்கால் கரையில் நீடாமங்கலம் ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. போன தை மாதம், வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. முதலில் வருகிற ரயிலில் ஏறிவிடுவது, அவ்வளவுதான்.

என் பெயர் சூசை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் செங்கல் சூளை, அப்புறம் அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினேன். எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. துரத்தப்பட்ட இடமும் உண்டு, சொல்லாமல் கிளம்பிய இடமும் உண்டு. கோயிலுக்குப் போயும் ஆறேழு வருடம் ஆகியிருந்தது. அன்று நான் உதறிவிட்டு வந்தது, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை.

எங்கள் லோடுமேன்களுக்கு மேஸ்திரி நடேசண்ணன். ஐம்பத்தைந்து வயது. அவர் அப்பா களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். இந்தப் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். அதற்கப்புறம்தான் இரண்டு, மூன்று. மரக்கால் போய் மின்தராசு வந்தும் நடேசண்ணன் அதை விடவில்லை. அன்று காலை முதல் மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு நான் ‘ஒண்ணு’ என்றேன்.

“எடுத்த எடுப்புல ஒண்ணா? லாபம்னு சொல்லுடா.”

“லாபம்னு சொன்னா நாப்பது கிலோ மூட்டை அம்பது கிலோ ஆயிடுமாண்ணே?”

எல்லோரும் சிரித்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. “ஊர் சுத்துற பயலுக்கு நெல்லப் பத்தி என்னடா தெரியும்? போ, எங்கயாவது போய்ச் சுத்து.”

“நீங்க செத்தாலும் இந்தக் களத்துல கால் வைக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

ஒரு கிலோமீட்டர் நடந்திருப்பேன். பின்னால் டி.வி.எஸ். வண்டிச் சத்தம். நடேசண்ணன்தான். கூப்பிட வரவில்லை. தலையில் மூட்டைக்கு அடியில் வைக்கிற என் சும்மாட்டுத் துண்டை நீட்டினார்.

“விட்டுட்டுப் போற. அடுத்த ஊர்ல தலை நோவும்.”

வாங்கும்போது பார்த்தேன். தை மாதக் குளிரில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். இடது கை மரத்துப்போகிறது என்றார். “காலையில பழைய சோறு தின்னேன். வாயுப் பிடிப்புடா.”

நானும் அதையேதான் நினைத்தேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. பக்கத்துப் பெட்டிக்கடையில் உட்காரவைத்து சோடா உடைத்துக் கொடுத்தேன். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று முதுகைத் தட்டினேன். கடைக்காரம்மா இஞ்சி தட்டிக் கொடுத்தது. இருபது நிமிடம் இப்படிப் போனது. ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. உதடு வெளுத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அவரை வண்டியில் முன்னால் உட்காரவைத்து, என் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

டாக்டரம்மா ஒருவர், சிஸ்டர் இரண்டு பேர், உதவியாளர் ஒருவர். அன்று அங்கே இருந்தது அவ்வளவுதான். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது நடேசண்ணன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் மேலே செருகியது. தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம். அதுவும் நின்றது.

“பல்ஸ் இல்லம்மா,” என்றார் மூத்த சிஸ்டர்.

யாரும் கத்தவில்லை. தலைமாட்டில் இருந்த பலகையை உருவி அவர் முதுகுக்கு அடியில் தள்ளினார்கள். மூத்த சிஸ்டர் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு கையையும் கோத்து நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பித்தார். இளைய சிஸ்டர் அவர் முகத்தில் மூடியைப் பொருத்தி ரப்பர் பையை அமுக்கினார். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு. டாக்டரம்மா மின்சாரம் கொடுக்கிற தகடுகளை ஒட்டி, “எல்லாரும் கை எடுங்க,” என்றார். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. திரையில் ஒன்றும் மாறவில்லை. உடனே மறுபடி அழுத்து. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள். டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.

என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. வாசல்படியில் நின்றேன். களத்தில் நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அந்த அறைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நீங்க செத்தாலும்.

மண்டியிடத் தோன்றவில்லை. நின்றபடியே ஆண்டவரோடு சண்டைக்குப் போனேன். ‘அது கோபத்துல வந்த வார்த்தை. அதுக்கு அடிக்கணும்னா என்னை அடியும். அவரை எடுக்காதீர். எடுத்தா உம்ம வாசலை நான் மிதிக்கவே மாட்டேன். விடமாட்டேன், பாரும்.’ இப்படித்தான் ஜெபித்தேன். இதைவிட நல்ல ஜெபம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது முறை மின்சாரம் கொடுத்தும் எழவில்லை. மூத்த சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. உதவியாளர் கை துவண்டது. டாக்டரம்மா என் தோளைப் பார்த்தார்.

“மூட்டை தூக்குறவரா? வாங்க. கையை மடக்காதீங்க. நான் சொல்ற வேகத்துல அழுத்துங்க. சத்தமா எண்ணுங்க.”

ஸ்டூலில் ஏறினேன். கையை வைத்தேன். வாயைத் திறந்தேன்.

“லாபம். ரெண்டு. மூணு. நாலு.”

நான் யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வந்தது. இளைய சிஸ்டர் வெளியூர்க்காரப் பெண். “லாபமா? ஒண்ணுன்னு எண்ணுங்க,” என்றாள். டாக்டரம்மாவுக்கு இந்தப் பக்கம்தான் போல. “முப்பது சரியா வந்தா போதும். விடு,” என்றார்.

பத்தாவது அழுத்தில் கைக்கு அடியில் ஏதோ ‘டொக்’ என்றது. கை நின்றுவிட்டது.

“எலும்பும்மா.”

“உடையட்டும். எலும்பு சேர்ந்துக்கும். நிறுத்தாதீங்க.”

மறுபடி அழுத்தினேன். முப்பது முடிந்து இரண்டு மூச்சு. மறுபடி லாபம். அந்த இரண்டு மூச்சு நேரத்தில் மட்டும் ‘விடமாட்டேன்’ என்று மேலே சொன்னேன். எத்தனை சுற்று என்று தெரியாது. மூன்றாவது முறை கையை எடுக்கச் சொன்னார்கள். உடம்பு தூக்கிப் போட்டது. மறுபடி அழுத்தினேன். அடுத்த ஆள் மாறுகிற நேரம் வந்ததும் டாக்டரம்மா கழுத்தில் விரல் வைத்தார். அறை முழுவதும் அந்த விரலையே பார்த்தது.

“வந்துருக்கு,” என்றார்.

நடேசண்ணனின் கால் கட்டைவிரல் அசைந்தது. நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுதேன்.

108 வண்டியில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். அன்று மாலையே இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள்.

இதை எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பெரியவர், “அந்த நேரத்துல லாபம்னு சொன்னதுக்கு சேசுவேன்னு சொல்லியிருக்கலாமே தம்பி,” என்றார்.

“மனசுல சொன்னேங்க. வாய்க்கு எண்ற வேலை இருந்துச்சு,” என்றேன்.

டீக்கடையில் வேறு மாதிரிக் கேட்டார்கள். “கரண்ட் வெச்சு எழுப்புனாங்க. இதுல உன் சாமிக்கு என்னப்பா வேலை?” அவர்களுக்கும் சொன்னேன். எந்த இடத்திலும் நிற்காத என்னை அந்த வாசல்படியில் நிற்கவைத்தது யார்? துவளாத ஒரு ஜோடிக் கை தேவைப்பட்ட நேரத்தில் என் கையைக் கொண்டுவந்து வைத்தது யார்? ஊர் ஊராகச் சுமந்து காய்ப்பேறிய கை இது. அந்த டாக்டரம்மாவையும் சிஸ்டர்களையும் ஆண்டவர்தான் அங்கே வைத்திருந்தார் என்று நான் நம்புகிறேன். யார் சிரித்தாலும் நம்புவேன்.

சகோதர சகோதரிகளே, நெஞ்சு வலித்தால் சோடா உடைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடும்போதே ஜெபியுங்கள். அழகாக ஜெபிக்க வரவில்லையென்றால் சண்டை போடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். பை ஆணியில் தொங்குகிறது.

அடைப்பை எடுத்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என்னை ஒரு நிமிடம் உள்ளே விட்டார்கள். நடேசண்ணன் கண்ணைத் திறந்திருந்தார். மூச்சு விடும்போதெல்லாம் முகம் சுளித்தது.

“எவன்டா நெஞ்செலும்ப ஒடச்சது?”

“நான்தாண்ணே.”

“காலையில திட்டுனதுக்கு மத்தியானமே தீத்துக்கிட்டியா?” சிரிக்கப் போய் வலியில் நிறுத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. “விவசாயிங்க நெல்லு வெட்டவெளியில கெடக்குதுடா. மழைக்கு முந்தி மூட்டை புடிக்கணும். என் இடத்துல நீ நின்னு எண்ணு. போ.”

அவர் மனைவி சந்திராக்கா பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து, “போயிட்டு வா சூசை,” என்றது. முதல் பஸ்ஸைப் பிடித்தேன். எட்டரைக்கெல்லாம், செத்தாலும் கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன களத்தில் கால் வைத்தேன். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தராசுப் பக்கத்தில் நின்றேன். முதல் மூட்டை ஏறியது.

“லாபம்,” என்றேன்.