பாலத்து ஏற்றத்தில் பின்னால் உருண்ட பேட்டரி வண்டி

லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம் என்றுதான் அந்தச் சின்ன பேட்டரி ஸ்கூட்டரை வாங்கினேன். ஒருநாள் நாத்தனாரைப் பின்னால் உட்காரவைத்து, தேவனாம்பட்டினத்தில் வாங்கிய மீனை ஐஸ் பெட்டியோடு காலடியில் வைத்துக்கொண்டு, கடலூர் ஆற்றுப் பாலத்தில் ஏறினேன். அத்தனை கனத்தை அந்த மோட்டாரால் இழுக்க முடியவில்லை. பாதி ஏற்றத்தில் திணறி அணைந்தது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பயத்தில் பிரேக்கை மறந்து, ஆக்சிலேட்டரையே முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, பிரேக்க புடிங்க! பஸ்ஸு வருது!" என்று அலறிய நாத்தனார், குதித்து வண்டிக்கு முட்டுக்கொடுத்தாள். பஸ் அவள் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

இப்போது பாலத்தடியிலேயே வண்டியை நிறுத்திவிடுகிறேன். "எறங்கு" என்று நான் சொல்வதற்குள், நாத்தனார் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறாள்.