செம்பருத்திக்கு வைத்த பேர்

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சனிக்கிழமைகளில் தகரத்தில் பேர் எழுதப் போனார் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில், கைலாசம் என்பவர் ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். பூச்செடி, குரோட்டன்ஸ், பழச்செடி என்று பதியம் போட்டு விற்பார். ஒவ்வொரு செடிக்கும் அடியில் ஒரு சின்னத் தகரம் குத்தியிருக்கும். அதில் வெள்ளை வர்ணம் அடித்து, காய்ந்ததும் கறுப்பில் செடியின் பேரை எழுதுவது என் வேலை. என் எழுத்து அச்சுப் போல இருக்கும். புத்தியும் அப்படி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தப் பண்ணையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் சென்னியம்மாள். நாற்பது வயதிருக்கும். ஒரே மகளை ஓமலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டாள். புருஷன் தீர்த்தகிரி மாட்டுவண்டி ஓட்டுகிறவர். கரட்டுக் குன்றில் வெட்டுகிற வெள்ளைக்கல்லை ரயில் நிலையத்துக்கு ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. அதிகம் பேசமாட்டார். மாட்டோடு பேசுகிற அளவுக்குக்கூட மனுஷரோடு பேசமாட்டார். பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டுமென்றால் "இந்தா" என்பார். அந்த ஒரு வார்த்தைதான்.

கைலாசம் எங்கோ ஒரு புத்தகத்தில் படித்துவிட்டார், ஒரு செம்பருத்தியின் மகரந்தத்தை இன்னொரு செம்பருத்திப் பூவின் நடுத்தண்டு நுனியில் தடவினால் இரண்டுக்கும் பிறந்த புதுச் செடி கிடைக்கும் என்று. ஆனால் பூ விரிந்தவுடனே, வெயில் ஏறுவதற்குள் தடவ வேண்டும். அவருக்குக் குளியல், பூசை, காபி எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்பது மணியாகும். அதனால் அந்த வேலை சென்னியம்மாள் தலையில் விழுந்தது.

பெங்களூரிலிருந்து வந்த மஞ்சள் செம்பருத்தி ஒன்று பண்ணையில் இருந்தது. நாட்டுச் சிவப்புப் பூவின் பொடியை எடுத்து அந்த மஞ்சள் பூவில் தடவினாள். தடவிய பூ எது, தடவாதது எது என்று தெரிய, தன் சேலை ஓரத்திலிருந்து நூல் பிரித்துக் காம்பில் கட்டினாள். அந்த மழைக்காலத்தில் அவள் சேலை ஒரு சாண் குறைந்தது என்று நான் கேலி செய்வேன். நாற்பது பூவுக்குமேல் தடவினாள். மூன்றுதான் காய் பிடித்தது. மூன்று காயிலும் சேர்த்துப் பத்தொன்பது விதை. முளைத்தது ஏழு.

அடுத்த கோடையில் பண்ணைக் கிணறு தரை தட்டிவிட்டது. கைலாசம் பழச்செடிகளை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று கைவிரித்துவிட்டார். சென்னியம்மாள் வீட்டில் போய் என்ன சொன்னாளோ தெரியாது, மறுநாளிலிருந்து தீர்த்தகிரி கல் இறக்கிவிட்டு வெறும் வண்டியில் திரும்பும்போது ஒரு பீப்பாய்த் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். நான்கு மாதம், ஒரு நாள் தவறாமல். அப்படியும் நான்கு கன்று கருகிப் போயின. மிஞ்சிய மூன்றில் இரண்டு சாதாரணச் சிவப்பாகப் பூத்தன. மூன்றாவது மார்கழியில் பூத்தது. அறுத்த பப்பாளியின் நிறம், நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கண். செம்பருத்தி காலையில் விரிந்து சாயங்காலம் சுருங்கிவிடும் அல்லவா? இது மறுநாளும் விரிந்தபடியே நின்றது. கைலாசம் பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

மாசி மாதம் அஸ்தம்பட்டியில் ஒரு பங்களாத் தோட்டத்தில் பூக்காட்சி நடக்க இருந்தது. புதுச் செடி கொண்டுவருகிறவர்கள் அதற்கு ஒரு பேரும் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். காட்சிக்கு முந்தின நாள் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அந்தச் செடியைச் சுற்றி நின்று பேர் யோசித்தோம்.

கைலாசம் தம் குலதெய்வத்தின் பேரை வைக்கலாம் என்றார். சென்னியம்மாள் ஒப்பவில்லை. "சாமி பேரா? வேண்டாமுங்க. நாளைக்கு மாவுப்பூச்சி அடிச்சா சாமிக்குப் பூச்சி அடிச்சுதும்பாங்க. ஆடு கடிச்சா இன்னும் மோசமுங்க."

"அப்போ உன் பேரையே வெச்சுடலாம். உன் கையால உண்டானதுதானே?" என்றார் கைலாசம். அவர் கஞ்சப் பேர்வழியாக இருந்தாலும் நியாயம் தெரிந்தவர்.

"என்ற பேரைப் போறவன் வாரவனெல்லாம் வாயில போட்டு மெல்லறதுக்குங்களா?" என்று அவள் பின்வாங்கினாள். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "வெக்கறதுன்னா அவரு பேரை வைங்க. அவரு ஊத்துன தண்ணியிலதானுங்க இது பொழச்சுது" என்றாள்.

எங்கள் இருவருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் உடனே தகரத்தை எடுத்துவிட்டேன். இங்கேதான் எங்கள் மூன்று பேர் புத்தியும் மேயப் போயிருந்தது. பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியாததா? என் வீட்டுக்காரி சகாயம்மாள் ஜெபம் சொல்லும்போது 'உபகாரம்' என்ற வார்த்தை வந்தால்கூட விழுங்கிவிட்டுப் போவாள், என் பேர் உபகாரசாமி என்பதற்காக. சென்னியம்மாளும் கோயிலில் கொடுக்கிற தீர்த்தத்தைக் 'கோயில் தண்ணி' என்றுதான் சொல்வாள். எல்லாம் தெரிந்திருந்தும், செடியோடு காட்சியில் நிற்கப் போகிறவள் அவள்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கே உறைக்கவில்லை.

காட்சி ஞாயிற்றுக்கிழமை. காலையில் தீர்த்தகிரியின் வண்டியில் செடி ஏறும்போது தகரத்தில் வர்ணம் காயவில்லை. "நானே கையில் கொண்டுவருகிறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு மாதா கோயிலுக்குப் போனேன். அன்றைக்கென்று பார்த்துச் சாமியாரின் பிரசங்கம் முடிந்தபாடில்லை.

நான் போவதற்கு முன்னால் நடந்ததைப் பக்கத்து மேசையில் டேலியாத் தொட்டி வைத்திருந்த தோட்டக்காரன் பொன்னன் பிறகு எனக்குச் சொன்னான். கைலாசம் யாரோ பெரிய மனிதரைப் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாராம். காட்சிக் குமாஸ்தா நோட்டோடு வந்து, "இதன் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறான்.

"தகரம் வருதுங்க. வாத்தியாரு கொண்டாராருங்க."

"தகரம் வரும்போது வரட்டும். நீ பேரைச் சொல்லு."

அவள் வாசலைப் பார்த்தாள்.

"பேர் தெரியாதா? அப்போ எங்கே வாங்கினது இது?"

"வாங்குலீங்க. நான் உண்டுபண்ணுனதுங்க."

"உண்டுபண்ணினவளுக்குப் பேர் தெரியாதாமா!"

"தெரியுமுங்க. எங்கூட்டுக்காரரு பேருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குமாஸ்தாவும் சிரித்தான். ஆனால், ஊட்டுக்காரர் என்று நோட்டில் எழுத முடியாது, பேர் இல்லாத செடியை மேசையில் வைக்கவும் கூடாது, கீழே இறக்கு என்று சொல்லிவிட்டான். பரிசு பார்க்கிற வெள்ளைக்காரத் துரைசாணி இரண்டு மேசை தள்ளி வந்துகொண்டிருந்தாள். கீழே இறக்கினால் அந்தச் செடியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒன்றரை வருஷத்துப் பாடு அதோடு போச்சு.

சென்னியம்மாள் வாசலுக்கு ஓடினாள். நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே நுழைந்தது அப்போதுதான்; பதட்டத்தில் அவள் என்னைக் கவனிக்கவில்லை. வேலியோரம் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த தீர்த்தகிரியிடம், "ஏனுங்க, சித்த வந்து உங்க பேரைச் சொல்லுங்க. செடியக் கீழ எறக்கறாங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நீதான் ஊட்டுக்காரரா? இந்தச் செடி பேர் என்னப்பா?" என்றான் குமாஸ்தா.

தீர்த்தகிரி செடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நான் பத்தடி தூரத்தில் தகரத்தைத் தூக்கிக்காட்டி வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சென்னியம்மாங்க" என்றார்.

"இந்தம்மா உன் பேர்னு சொல்லுச்சே?"

"அது அவ சொல்றதுங்க. தண்ணி கொண்டாந்ததுதான் நானு. பூவ உண்டுபண்ணுனவ சென்னியம்மா. எழுதிக்குங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டான். நான் தகரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வர்ணம் அப்போதும் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் 'தீர்த்தகிரி' இடம் வலம் மாறிப் பதிந்து, சகாயம்மாளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

சென்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். முதல் பரிசு ஒரு பங்களா டேலியாவுக்குப் போயிற்று. இந்தச் செடிக்கு மூன்றாவது. துரைசாணி ஒரு நீல ரிப்பனைத் தொட்டியில் கட்டிவிட்டுப் போனாள். அதைக்கூடச் சென்னியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேண்டாம் என்று சொன்ன பேரையே வைத்துவிட்டார்களே என்று கோபமாக்கும் என நினைத்தேன். தப்பு என்னுடையது, தகரம் நேரத்துக்கு வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சமாதானம் சொல்லப் போனேன்.

"கோவமில்லீங்க வாத்தியாரே" என்றாள். கண் சிவந்திருந்தது. "கண்ணாலமாகி இருவத்திரண்டு வருசமாச்சுங்க. என்ற பேரு அவருக்குத் தெரியுமான்னே எனக்குத் தெரியாதுங்க."

 அந்த ரிப்பன் நன்றாக இருக்கிறது என்று ஏதோ உளறிவைத்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்தச் செடி பதியம் பதியமாக அம்மாபேட்டை வரைக்கும் வீட்டுக்கு வீடு போயிற்று. நூறு தகரத்துக்குமேல் அந்தப் பேரை எழுதியிருப்பேன். யார் வந்து என்ன செடி என்று கேட்டாலும் சென்னியம்மாள் தன் பேரைத் தானே சொல்லுவாள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

அந்தப் பத்து வருஷத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பண்ணை வாசலில் வண்டி வந்து நின்றது. அன்றைக்கு ஏற்ற வேண்டிய செடி ஒன்றும் இல்லை. நான் உள்ளே தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வருகிற "இந்தா" வரவில்லை.

"சென்னியம்மா, பொழுதாச்சு. ஏறு, ஊட்டுக்குப் போலாம்" என்றது தீர்த்தகிரியின் குரல்.

அவள் தண்ணீர்க் குடத்தைப் பாதி ஊற்றியபடியே கீழே வைத்துவிட்டுப் போனாள். மிச்சத்தை நான் ஊற்றினேன்.