டப்பாத் தண்ணீர்

எங்கள் வீட்டில் என் முகம் பொதுச்சொத்து. வருகிறவர்கள் எல்லாரும் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, கன்னத்தையும் கண்ணோரத்தையும் பார்த்து ஒரு மருந்து சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவார்கள். கரப்பான் என்கிற தோல் அரிப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எதனால் வருகிறது என்பதில்தான் இரண்டு பேர் ஒத்துப்போனது கிடையாது. கத்தரிக்காய் என்பார் பெரியப்பா. கருவாடு என்பாள் பக்கத்து வீட்டுச் சேச்சி. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா மாம்பழம் அதிகம் தின்றதுதான் காரணம் என்று கண்டுபிடித்த பெரியம்மா ஒருத்தியும் உண்டு. நான் கத்தரிக்காயையும் விட்டேன், கருவாட்டையும் விட்டேன். கரப்பான் அது பாட்டுக்கு இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கரமனையில் ஆற்றுக்குப் போகும் சந்து ஒன்றில் வாடகை வீடு. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். அவளுக்கு டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. ஃபேஷியல், ப்ளீச், திரெடிங் என்று வீட்டிலேயே அதிகம் இங்கிலீஷ் பேசுகிறவள் அவள்தான். தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்து, ‘ஸ்கின் டல்லா இருக்கு’ என்று தீர்ப்புச் சொல்வாள். என் முகத்தைப் பற்றி மட்டும் அவள் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. அதற்காகவே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

எட்டு வயதில் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆற்றுகால் பொங்காலை அன்று அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மாசியில் வரும் அந்த ஒரு நாள் ஊரே அடுப்பாகிவிடும். ஆற்றுகால் கோயிலில் முதல் அடுப்பைப் பற்றவைத்ததும் செண்டை முழங்கும், வெடி வெடிக்கும். அந்த நெருப்பு ஒரு அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்கு என்று தெருத்தெருவாகக் கைமாறி எங்கள் சந்துவரை வந்துவிடும். மூன்று செங்கல், ஒரு மண்கலம், அதன் முன்னால் ஒரு பெண். எங்கு பார்த்தாலும் அப்படித்தான். பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் போட்ட பாயசம் பொங்கி வழிய வேண்டும். வழியும்போது பார்த்துக் குரவை இட்டால்தான் நேர்ந்துகொண்டவளுக்குத் திருப்தி.

அம்மா நேர்ந்துகொண்டது என் கரப்பானுக்காக. அதில் ஒரு வேடிக்கை. கரப்பான் போக வேண்டுமென்று பொங்காலை இட்டால், அந்தப் புகையிலும் வெயிலிலும் கரப்பான் இன்னும் ஜோராக வரும். முந்திய வருஷம் அப்படித்தான் ஆயிற்று. அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. அரிசி பாதி வேகும்போதே அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பக்கத்து அடுப்புக்காரி கிளறி இறக்கினாளாம். கலம் நன்றாகத்தான் பொங்கியது என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா பார்க்கவில்லை. தன் நேர்ச்சை அரைகுறையாக நிற்கிறதென்று வருஷம் முழுக்க அவளுக்கு ஒரே குறை. அதனால் அந்த வருஷம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: முகம் ஆறியிருந்தால் அடுப்பு, இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே.

தை பிறந்த சமயத்தில் ஒருநாள் அத்தை பார்லரிலிருந்து ஒரு டப்பாவோடு வந்தாள். வெள்ளை டப்பா, நீல எழுத்து. தலையை அமுக்கினால் பனி மாதிரி தண்ணீர் வரும். தண்ணீரேதான், வேறொன்றும் இல்லை. பிரான்சில் எங்கோ மலைக்கு அடியில் ஊறுகிற தண்ணீராம். கல்ஃபிலிருந்து வந்த கஸ்டமர் ஒருத்தி அத்தையின் கைவேலையில் மயங்கிக் கொடுத்ததாகச் சொன்னாள்.

“சென்சிடிவ் ஸ்கின்னுக்குன்னே உள்ளதாக்கும் மைனி. அடிச்சா எரிச்சல் உடனே நிக்கும், கேட்டேளா” என்றாள் அம்மாவிடம்.

அப்பா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். கடைக்குப் புதுத் தராசு வந்தாலும் வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும் அவர் செய்கிற காரியம் ஒன்றுதான். இதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினார். அந்த நொடியில் அது தண்ணீராக இருப்பதை நிறுத்தித் தீர்த்தமாகிவிட்டது. எங்கள் கஷ்டகாலம் தொடங்கியதும் அங்கேதான்.

தீர்த்தத்தை யாராவது துணியால் துடைப்பார்களா? மேலே பட்டால் அது தானாகக் காய வேண்டும். நான் குளித்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே சம்மணமிட்டுக் கண்ணை மூடுவேன். அத்தை அடிப்பாள். தாடையில் வழிகிற துளியை அம்மா விரலால் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதுவரை தினமும் தேய்த்துக்கொண்டிருந்த தேங்காயெண்ணெயையும் நிறுத்தியாயிற்று. தீர்த்தத்தின் மேல் எண்ணெயா என்பது அம்மாவின் கட்சி. அதைத் தடவினால் துவாரம் அடைத்துக்கொள்ளும் என்பது பார்லரின் கட்சி. வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் ஒரே கட்சியில் இருந்தார்கள்.

அந்தக் குளிர்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். அரித்து அரித்துச் சூடேறிய முகத்தில் அது பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிடும், அவ்வளவு சுகம். ஆனால் ஃபேன் காற்றில் காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கும். பிறகு முன்னைவிட அதிகமாக அரிக்கும். உடனே மறுபடியும் டப்பா. காலையில் ஒருமுறை என்று இருந்தது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்றாகி, அப்புறம் எப்போது கேட்டாலும் என்றாகிவிட்டது. கண்ணோரம் வெடித்தது. சிரித்தால் கன்னத்தில் கோடு விழுந்து நீர் கசிந்தது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வருகிறது, நல்லதுதான் என்றாள் பக்கத்து வீட்டுச் சேச்சி. நாங்களும் அதை நம்பினோம். வகுப்பில் என் பெஞ்சில் உட்கார ஆள் இல்லாமல் போனது. ஒரு நீளப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து மலையாளம் எழுதியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒருநாள் டப்பா ‘உஸ்’ என்று காற்றை மட்டும் விட்டது. என் முகம் அதற்குள் பார்க்க முடியாதபடி ஆகியிருந்தது. அம்மாவின் பக்தியும் அன்றோடு தீர்ந்தது.

“உன் பார்லர் வித்தைய எம்பிள்ள மூஞ்சிலயாடி காட்டணும்?”

அத்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ‘உங்க அத்தைகிட்ட சோறு இருக்குன்னு சொல்லு’, ‘உங்க அம்மாகிட்ட எனக்கு வேண்டாம்னு சொல்லு’ என்று ஒரே அறைக்குள் நான் தபால்காரியானேன். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. கவலையெல்லாம் பொங்காலை நெருங்கிக்கொண்டிருந்ததைப் பற்றித்தான்.

அடுத்த லீவு நாளில் அத்தை யாரிடமும் கேட்காமல் என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கொஞ்சம் தமிழ் தெரிந்த, அவசரக்கார டாக்டரம்மா. அத்தை கைப்பையிலிருந்து காலி டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். சந்தனமும் குங்குமமும் அதில் அப்படியே இருந்தன. டாக்டரம்மா அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“இது அடிச்சுட்டு பின்னே என்ன செய்யும்?”

“காய விடுவோம் மேடம். ஃபேன்ல.”

“அதாணு குழப்பம்” என்றார், அதுதான் கோளாறு என்கிற அர்த்தத்தில்.

பிறகு அவர் சொன்னதைத்தான் இன்று கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் பெண்களுக்கு நான் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏசிக்குக் கீழே உட்கார்ந்து கைப்பையிலிருந்து இதே மாதிரி டப்பாவை எடுத்து முகத்தில் அடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தண்ணீரால் கெடுதல் இல்லை. எரிச்சல் கொஞ்ச நேரம் தணியும், அவ்வளவுதான் அதன் வேலை. அப்படியே காய விட்டால், போகும்போது தோலில் இருக்கிற ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மெல்ல ஒற்றியெடுத்து, ஈரம் போவதற்குள் மேலே களிம்பு போட வேண்டும். பிரான்சுத் தண்ணீர்தான் வேண்டுமென்பதில்லை, கொதித்து ஆறிய கரமனைத் தண்ணீர் தாராளமாகப் போதும். இது வரும், போகும், அடியோடு போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் வயது ஏற ஏறக் குறையும் என்றும் சொன்னார். ஒரு வாரத்துக்குச் சின்ன ட்யூப் ஒன்றும், தினமும் தடவ வெள்ளைக் களிம்பு ஒரு டப்பியும் எழுதிக்கொடுத்தார்.

சீட்டை வாங்க அத்தை நீட்டிய கையை டாக்டரம்மா விடாமல் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“பார்லர் வேலை மேடம். ப்ளீச், ஹேர் டை…”

“உங்களுக்கும் இதே களிம்பு போடணும்” என்றார். அத்தை தலையாட்டினாள். என் களிம்பில் பங்குக்கு ஆள் வந்துவிட்டதே என்று எனக்குத் திக்கென்றது. நல்லவேளையாக, வீட்டுக்கு வந்த பிறகு அத்தை அதைத் தொடவேயில்லை.

முடி நனைக்கப் பார்லரில் வைத்திருப்பார்களே, அந்தத் தண்ணீர் பாட்டில் ஒன்றை அத்தை கொண்டுவந்தாள். ஆறிய வெந்நீரை ஊற்றி அவள் என் முகத்தில் அடிப்பாள். அப்பாவின் பழைய வேட்டித் துண்டால் ஒற்றுவாள். களிம்பு போடுவது அம்மா. தன் பிள்ளையின் முகத்தை இனி முழுசாக ஒருத்தியிடம் விட அவள் தயாராக இல்லை. ஈரம் போவதற்குள் போட்டாக வேண்டுமே, அதனால் பேச்சில்லாத இருவரும் முட்டி இடிக்க என் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. ‘உங்க அம்மாவைச் சீக்கிரம் போடச் சொல்லு’ என்பாள் அத்தை. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் விரல் என் உதட்டோரத்துக்கு வந்துவிடும். முகம் மெல்ல ஆறியது. நீர் கசிவது நின்றது. வெடிப்பு மூடிக்கொண்டது. கன்னத்தில் சிவப்பு மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பொங்காலைக்கு முந்திய நாள் அம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“சரி, வந்து இரி” என்றாள்.

எனக்காக அடுப்பைச் சந்தின் வாயிலேயே, காற்று எதிர்ப்பக்கம் போகிற இடத்தில் போட்டாள். அத்தை பார்லருக்கு லீவு சொல்லிவிட்டு, எனக்கும் புகைக்கும் நடுவில் ஒரு துண்டைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காய்ந்த தென்னம்பாளை படபடவென்று எரிந்தது. வெயில் ஏற ஏற, தண்ணீர், துண்டு, களிம்பு என்று எனக்கு நடந்துகொண்டே இருந்தது. “என்ன, குட்டிக்கு அபிஷேகமா?” என்று அடுத்த அடுப்புக்காரிகள் கேலி செய்தார்கள். ராணிபோல இருந்தேன். கண் வீங்கவில்லை, எதுவும் எரியவில்லை. கலத்தில் வெல்லம் கரைந்து வாசனை வரத் தொடங்கியது.

அம்மா ஏதோ எடுக்கத் திரும்பியவள், கரண்டியை ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்லி அத்தை பக்கம் நீட்டினாள். சூடான பிடி பட்டதும் அத்தை ‘ஸ்’ என்று கையை இழுத்துக்கொண்டாள். “ஒரு கரண்டி பிடிக்கத் தெரியாதான்னு கேளு” என்றாள் அம்மா என்னிடம். நான் தபால்காரி வேலையோடு கொஞ்சம் கோள் மூட்டும் வேலையும் சேர்த்துக்கொண்டேன்.

“டாக்டர் அத்தைக்கும் இதே களிம்பு போடச் சொன்னாங்க. அத்தை போடவே இல்ல. அதான் கை எரியுது.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராகப் பேசினாள்.

“கையக் காட்டு ஏட்டி.”

அத்தை சேலைத் தலைப்புக்குள் கையை இழுத்துக்கொண்டாள். அம்மா விடாமல் பிடித்து வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

“அந்த டப்பா உனக்குக் குடுத்ததுதான, உண்மையச் சொல்லு. எந்தக் கஸ்டமரும் இல்லல்லா?”

“பார்லர் நடத்துற சேச்சி தந்தா” என்றாள் அத்தை, தலையைக் குனிந்துகொண்டு. “கைக்கு அடிச்சுக்கோன்னு. எனக்குக் கைதான மைனி. பிள்ளைக்கு மொகம்லா.”

அம்மா களிம்பு டப்பியை எடுத்தாள். நிறைய எடுத்தாள், எனக்குக்கூட அவ்வளவு எடுத்ததில்லை. அத்தையின் விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அத்தை அழுதாள். புகை என்று நினைத்தேன். துண்டை அவள் கீழே விட்டிருந்தாளே, அதனால் புகை என்று.

அப்போதுதான் கலத்தின் விளிம்பில் நுரை எழுந்தது.

“அம்மா, பொங்குது!” என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. “அம்மா, கிழக்காலே வழியுது, பாரேன்!” வெள்ளை நுரை பொங்கிப் பொங்கிக் கலத்தின் மேல் இறங்கி, நெருப்பில் விழுந்து சீறியது. நேர்ந்துகொண்டவள் முதுகைக் காட்டிக்கொண்டு நாத்தனாரின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல், தெரிந்த மட்டும் நாக்கைச் சுழற்றி நானே குரவை இட்டேன். சந்து முழுக்கப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அம்மா திரும்பியபோது பொங்கி முடிந்து நுரை அடங்கிவிட்டிருந்தது. அவள் கலத்தைப் பார்த்துச் சிரித்தாள். அத்தையின் கை இன்னும் அவள் மடியில் இருந்தது.

சாயங்காலம் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போகும்வரை நான் அம்மாவோடு சண்டை போட்டேன். களிம்பை எப்போது வேண்டுமானாலும் போடலாம், பொங்குவது ஒருமுறைதானே என்று கேட்டேன். அவள் அத்தைக்கும் எனக்கும் ஒரே இலையில் பாயசம் வைத்தாள். ஒரு வருஷமாகக் காத்திருந்து இந்தத் தடவையும் அம்மா பார்க்கத் தவறிவிட்டாளே என்று, அன்று அந்த வீட்டில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.